பிள்ளையின் முதல் செஸ் போட்டி: யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் அப்பாவை வெல்லும். பக்கத்து வீட்டு அண்ணாவை வெல்லும். போனில் உள்ள கொம்பியூட்டரையும் இடைக்கிடை வெல்லும். அதே பிள்ளை முதல் சுற்றுப்போட்டிக்குப் போய் ஆறு ஆட்டத்தில் நான்கைத் தோற்றுவிட்டு முகம் தொங்கி வந்து நிற்கும். "இன்னும் நல்ல கோச்சிடம் விட வேண்டும்" என்று அன்று இரவே வீட்டில் முடிவாகிவிடும். மண்டபத்துக்குள் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் நடந்தது தெரியும். மணிக்கூட்டை அமத்த மறந்து ஒன்று போயிருக்கும். தொட்ட காயை வைத்துவிட்டு வேறு காயை எடுக்கப் பார்த்து இன்னொன்று. எதிரே இருந்த பெரிய பிள்ளை "இது மேட்" என்றதும் நம்பி, தோல்வியை ஏற்றுக் கைகொடுத்து மற்றொன்று.

இதற்கெல்லாம் கோச் தேவையில்லை, ஒரு வாரம் வீட்டில் பழகினால் போதும். அதனால் இங்கே ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) பற்றிக் கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன். போட்டி எப்படி நடக்கும், பலகைக்கு முன்னால் பிள்ளை என்ன செய்ய வேண்டும், கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுவது எப்படி என்பதுதான் பெரும்பகுதி.

எந்தப் போட்டி, எந்தப் பிரிவு

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று பள்ளிக்கூடம். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று உள்ள கல்வி வலயங்களின் மட்டத்தில் தொடங்கி, அங்கே தெரிவானால் மாகாணம், பிறகு தேசிய மட்டம் என்று போகும் வழி அது. பெயர் கொடுப்பது பள்ளிக்கூடம் என்பதால், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே போய்ச் சொல்லி வையுங்கள். சுற்றுநிருபம் வந்த பிறகு ஓடினால் பட்டியல் போயிருக்கும். மற்றது, கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் திறந்த போட்டிகள். இதற்கு நீங்களே காசு கட்டிப் பதியலாம்.

முதல் தடவை என்றால், ஒரே நாளில் முடிகிற, வயதுப் பிரிவு உள்ள ஒரு ரப்பிட் போட்டியைத் தேடுங்கள். ரப்பிட் என்றால் ஒருவருக்கு 10 நிமிடத்துக்கு மேல், ஒரு மணித்தியாலத்துக்குள். ஒரு நாளில் ஐந்து ஆறு ஆட்டம் கிடைக்கும். ஒன்றில் தோற்றாலும் அழுது முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். நாள் கணக்காக இழுக்கும் நீண்ட ஆட்டங்களுக்குப் பிறகு போகலாம்.

வயதுப் பிரிவில் பலர் குழம்புவார்கள். '10 வயதுக்குட்பட்டோர்' என்றால் போட்டி நாளன்று என்ன வயது என்று எண்ணிப் பார்ப்பார்கள். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் முறையில் அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிதான் கணக்கு. 2026இல் நடக்கும் 10 வயதுக்குட்பட்ட போட்டியில் 2016 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்த பிள்ளை விளையாடலாம், போட்டி நடக்கும் மாதத்தில் பத்து வயது நிரம்பியிருந்தாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடப் போட்டிகளுக்குத் திகதி வேறாக இருக்கலாம் என்பதால் சுற்றுநிருபத்தைப் பாருங்கள். எதற்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும்.

அறிவித்தலை வாசிக்கும்போது நேரக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். '15+5' என்று போட்டிருந்தால் ஒருவருக்கு 15 நிமிடம், அதோடு ஒவ்வொரு நகர்வுக்கும் 5 வினாடி கூடச் சேரும். 40 நகர்வு போனால் 3 நிமிடம் 20 வினாடி மேலதிகமாகக் கிடைக்கும். இரண்டு பேரின் நேரத்தையும் கூட்டினால் ஓர் ஆட்டம் அரை மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும். '90+30' என்றால் ஒரே ஆட்டம் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேலும் போகலாம், சாப்பாடு தண்ணி எல்லாவற்றையும் அதற்கேற்ப யோசிக்க வேண்டும். பிந்தி வந்தால் எத்தனை நிமிடத்தில் தோல்வி எழுதுவார்கள் என்பதும் அறிவித்தலில் இருக்கும். எங்கள் ஊரில் முதல் சுற்று மங்கள விளக்கேற்றல், தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்து ஆறுதலாகத்தான் தொடங்கும். அதை நம்பி இரண்டாம் சுற்றுக்கும் ஆறுதலாக வந்தவர்கள் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போய்த் திரும்புவதற்குள் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் வீட்டில்

செஸ் மணிக்கூடு வாங்க ஓட வேண்டாம். போனில் அதற்கான செயலி இலவசமாகக் கிடைக்கும். போனைப் பலகைக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, தினமும் ஓர் ஆட்டமாவது நேரம் வைத்து விளையாடுங்கள். காயை நகர்த்திய கையாலேயே மணிக்கூட்டையும் அமத்த வேண்டும் என்பது விதி. வலக்கையால் நகர்த்தி இடக்கையால் அமத்தும் பழக்கம் நிறையப் பிள்ளைகளிடம் உண்டு, அதை இப்போதே நிற்பாட்டுங்கள். காஸ்லிங் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே முறையில் நகர்த்துவது) செய்யும்போதும் ஒரே கைதான், அதிலும் முதலில் ராஜாவைத் தொட வேண்டும். முதலில் கோட்டையைத் தொட்டுவிட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது. இரண்டு கையாலும் ஒரேயடியாகச் செய்துவிட்டு மணிக்கூட்டை அமத்தினால் அது விதிமீறிய நகர்வாகவே கணக்கிடப்படும். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாகும்போதும் அப்படியே.

வீட்டில் 'தொட்டால் நகர்த்து' என்பதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். "சரி, இந்த முறை விடுகிறேன்" என்று அம்மம்மா சொல்லிச் சொல்லித்தான் பிள்ளை கெட்டுப்போகிறது. வேண்டுமென்று தன் காயைத் தொட்டால், நகர்த்த வழி இருந்தால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிரியின் காயைத் தொட்டால், வெட்ட வழி இருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமானால், தன் முறை வரும்போது, தொடுவதற்கு முன்னே "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. யோசிக்கும்போது கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். பார்க்கக் கொஞ்சம் பகிடியாகத்தான் இருக்கும், ஆனால் நன்றாக வேலை செய்யும்.

ஓப்பனிங்கில் ஒன்றே ஒன்று கட்டாயம். சின்னப் பிரிவுகளில் முதல் சுற்றிலேயே யாராவது நான்கு நகர்வு மேட் போடப் பார்ப்பார்கள். வெள்ளை இ4க்குச் சிப்பாயைத் தள்ளும், கறுப்பு இ5க்கு (பலகை ஓரத்தில் உள்ள ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்ததே கட்டத்தின் பெயர்). வெள்ளை பிஷப்பை சி4க்குக் கொண்டுவரும், கறுப்பு குதிரையை சி6இல் வைக்கும். அடுத்து வெள்ளை ராணி எச்5க்குப் பாயும். அதைக் கண்டதும் ராணியை விரட்டுகிறேன் என்று மற்றக் குதிரையை எஃப்6க்கு எடுத்தால் ராணி எஃப்7இல் வெட்டி மேட். அந்த இடத்தில் சிப்பாயை ஜி6க்குத் தள்ளினால் ராணி ஒதுங்கியே ஆக வேண்டும். பெரும்பாலும் எஃப்3க்குப் போய் மறுபடி எஃப்7ஐக் குறிவைக்கும். இப்போது குதிரை எஃப்6க்கு வரலாம், வழி அடைபட்டது. வெள்ளை ராணி அலைந்த நேரத்தில் கறுப்பின் காய்கள் வெளியே வந்துவிட்டன, ஆட்டம் கறுப்புக்கு நல்லதாகவே நிற்கும்.

ஓப்பனிங்கை விட முக்கியமானது, வென்ற ஆட்டத்தை முடிக்கத் தெரிவது. ராணியும் ராஜாவும் கையில் இருக்க, எதிரியிடம் வெறும் ராஜா மட்டும். இந்த நிலையில் சமநிலையாகிப் போகும் ஆட்டங்கள் சின்னப் பிரிவுகளில் எக்கச்சக்கம். ஒரு பலகையை எடுத்து வைத்துக் காட்டுங்கள்: வெள்ளை ராஜா எஃப்6, வெள்ளை ராணி ஜி3, கறுப்பு ராஜா மூலையில் எச்8. ராணியை ஜி7இல் வைத்தால் மேட். ஒரு கட்டம் குறைத்து ஜி6இல் வைத்தால் கறுப்பு ராஜாவுக்குச் செக் இல்லை, போக இடமும் இல்லை, ஆட்டம் சமநிலை. ஒரே ஒரு கட்ட வித்தியாசத்தில் அரைப் புள்ளி போய்விடும். "கையை எடுக்க முன்னம், அவருக்குப் போக ஒரு கட்டம் இருக்கா எண்டு பார்" என்று பிள்ளைக்குச் சொல்லிப் பழக்குங்கள்.

ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிப் பதியும் முறையையும் ஓரளவு பழக்கலாம். பலகையின் ஓரத்தில் உள்ள எட்டு ஆங்கில எழுத்தும் எட்டு எண்ணும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ரப்பிட்டில் பெரும்பாலும் பதியத் தேவை வராது. நீண்ட ஆட்டங்களில் கட்டாயம். அங்கே முதலில் நகர்த்திவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டு நகர்த்துவதை இப்போது விதி அனுமதிப்பதில்லை, பழைய பழக்கத்தில் சில பெரியவர்கள் இன்னும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

காலையில்

வடமராட்சியிலிருந்தோ தீவகத்திலிருந்தோ வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓட்டத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள். ஓகஸ்ட் விடுமுறையில் நடக்கும் போட்டி என்றால் நல்லூர்த் திருவிழாவும் அதே காலத்தில் வரலாம், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மறித்திருக்கும், சுற்றிப் போக நேரம் எடுக்கும். நவம்பர், டிசம்பர் மழைக்கு நனையாத பையும் மாற்றுச் சட்டையும்.

பையில் இரண்டு பேனை, தண்ணிப் போத்தல், ஒரு சின்னத் துவாய். ஏப்ரல் வெயிலில் மின்விசிறிக்குத் தூரமான மேசை கிடைத்தால் கை வியர்த்துக் காய் வழுக்கும். சாப்பாட்டைப் பொறுத்தவரை, காலையில் இடியப்பமோ பாணோ பழகியதைக் கொடுங்கள், இடையில் வாழைப்பழம், மாரி பிஸ்கட். வென்ற சந்தோஷத்தில் மத்தியானம் கொத்துரொட்டிப் பார்சல் வாங்கிக் கொடுக்கும் அப்பாக்களைக் கண்டிருக்கிறேன். நாலாம் சுற்றில் பிள்ளைக்குக் கண் சொருகும்.

போன் பிள்ளையிடம் இருக்கவே கூடாது. நிற்பாட்டி வைத்திருந்தாலும் அனுமதியில்லாமல் உள்ளே கொண்டு போனது பிடிபட்டால் ஆட்டம் போகும். கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஸ்மார்ட் மணிக்கூடும் இதே கணக்கில்தான் வரும், வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுங்கள்.

யாரோடு யார் விளையாடுவது

பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கும். 1895இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் தொடங்கிய முறை என்பதால் அந்தப் பெயர். தோற்றவர் வெளியேறுவதில்லை, எல்லோரும் எல்லாச் சுற்றும் விளையாடுவார்கள். வென்றால் 1, சமநிலை என்றால் அரை. அடுத்த சுற்றில் அதே அளவு புள்ளி உள்ள ஒருவர் எதிரே வருவார். ஒருவரோடு ஒரு தடவைதான்.

முதல் சுற்று எப்படிப் பொருத்தப்படுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருந்தால் நிறையக் கண்ணீரைத் தவிர்க்கலாம். பட்டியலை ரேட்டிங் (ஒருவரின் ஆட்டப் பலத்தைக் காட்டும் எண்) வரிசையில் அடுக்கி நடுவில் இரண்டாகப் பிரிப்பார்கள். 40 பேர் என்றால் முதலாமவருக்கு 21ஆம் ஆள், இரண்டாமவருக்கு 22ஆம் ஆள். ரேட்டிங் இல்லாத புதுப் பிள்ளை பெரும்பாலும் கீழ்ப் பாதியில்தான் இருக்கும். அப்படியானால் முதல் ஆட்டத்திலேயே பலமான ஒருவரைச் சந்திப்பது முறையிலேயே எழுதியிருக்கிறது. அதில் தோற்பது பிள்ளையின் தரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. மூன்றாம், நான்காம் சுற்றுகளில்தான் சமமானவர்கள் எதிரே வருவார்கள், பார்க்க வேண்டிய ஆட்டங்கள் அவைதான்.

ஆட்கள் ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் ஒருவருக்கு 'பை' கிடைக்கும், விளையாடாமலே ஒரு புள்ளி. பிள்ளைக்கு அது வந்தால் கவலைப்பட வேண்டாம், வெளியே மரத்தடியில் விளையாட விடுங்கள். மேசை எண்ணும் நிறமும் சுவரில் ஒட்டப்படும், சில போட்டிகளில் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்திலும் போடுவார்கள். பிள்ளையே போய்த் தன் பெயரைத் தேடிப் பார்க்கட்டும். பிழையான மேசையில் இருந்து விளையாடி முடித்த பிறகு கண்டுபிடித்தால் பெரிய கரைச்சல்.

பலகைக்கு முன்னால்

கைகொடுத்துத் தொடங்குவார்கள், கறுப்பு மணிக்கூட்டை அமத்தியதும் வெள்ளையின் நேரம் ஓடும். அதுவரை பிரச்சினை இல்லை. பிரச்சினை எல்லாம் பிறகு வரும், அநேகமான எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: மணிக்கூட்டை நிற்பாட்டி, கையை உயர்த்து.

ஒன்றை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம். 10 வயதுக்குட்பட்ட பிரிவு. கறுப்பு விளையாடுவது தரம் மூன்றில் படிக்கும் ஒரு பிள்ளை. அவளுடைய ராஜா ஜி8இல், முன்னால் எஃப்7, ஜி7, எச்7 மூன்றிலும் சிப்பாய்கள் அசையாமல் நிற்கின்றன. எதிரே அவளைவிட ஒரு முழம் உயரமான பையன். கோட்டையை இ8க்குத் தள்ளிவிட்டு, "செக் மேட், தங்கச்சி" என்று கையை நீட்டுகிறான். அவள் ராஜாவைப் பார்க்கிறாள். எஃப்8க்குப் போக முடியாது, எச்8க்கும் முடியாது, முன்னால் தன் சிப்பாய்கள். கைகொடுத்துவிட்டாள். அவளுடைய குதிரை எஃப்6இல் நின்றது. அது நேரே இ8இல் இருந்த கோட்டையை வெட்டியிருக்கும்.

பையன் ஏமாற்றவில்லை, அவனும் குதிரையைக் கவனிக்கவில்லை. ஆனால் அவள் ராஜாவை மட்டும் பார்த்ததற்கும், நீட்டிய கையை மறுக்காததற்கும் காரணம் வேறு வேறு. முதலாவதற்குச் செஸ்ஸில் மருந்து இருக்கிறது. செக் என்றதும் ராஜா நகர முடியுமா, நடுவில் மறைக்க முடியுமா, செக் கொடுத்த காயை வெட்ட முடியுமா என்று மூன்றையும் பார்க்கப் பழக்கினால் சரி. இரண்டாவது எங்கள் வீட்டு வளர்ப்பு. பெரியாக்களுக்கு எதிர்க்கதை கதையாதே, அண்ணா சொன்னால் கேள் என்று வளர்த்துவிட்டு, மண்டபத்தில் கொண்டுபோய் அண்ணாவுக்கு எதிரே இருத்துகிறோம். கைகொடுத்து, முடிவுத் தாளில் கையெழுத்தும் போட்ட பிறகு, "குதிரை இருந்தது" என்று போய் அழுவதால் பெரும்பாலும் ஒன்றும் மாறாது. யாராவது மேட் என்று சொன்னால், கைகொடுக்க முதல் தன் நேரத்தில் ஒரு நிமிடம் பார்க்க அவளுக்கு முழு உரிமை உண்டு. சந்தேகம் என்றால் கையை உயர்த்தலாம்.

இதை வீட்டில் நாடகம் மாதிரி நடித்தே பழக்குங்கள். நீங்கள் எதிரியாக இருந்து வேண்டுமென்றே பிழையாக "மேட்" சொல்லுங்கள். தொட்ட காயை வைத்துவிட்டு வேறு காயை எடுங்கள். செக்கில் இருக்கும் ராஜாவை விட்டுவிட்டு வேறெதையோ நகர்த்துங்கள். பிள்ளை மணிக்கூட்டின் நடுப் பொத்தானை அமத்தி, கையை உயர்த்தி, "சேர், ஒருக்கா வாங்கோ" என்று சொல்ல வேண்டும். நடுவர் பெண்ணாக இருந்தால் "மிஸ்". கொழும்பிலிருந்து வந்த சிங்கள நடுவராக இருந்தால் "ஆர்பிட்டர்" என்ற ஒரு சொல் போதும், மிச்சத்தைப் பலகையில் காட்டலாம். எதிரியோடு வாக்குவாதம் வேண்டாம். சத்தம் போட வேண்டாம். நடுவர் வந்ததும் என்ன நடந்தது என்பதை ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும்.

இதில் நேரம் முக்கியம். நகர்வுகளை எழுதாத ரப்பிட் போட்டிகளில், எதிரி விதிமீறிய நகர்வு செய்தால் உங்கள் பிள்ளை தன் அடுத்த நகர்வைச் செய்வதற்கு முன்னமே முறையிட வேண்டும். நடுவரும் பார்க்காமல், பிள்ளையும் பேசாமல் அடுத்த நகர்வைச் செய்துவிட்டால் அந்தப் பிழையான நகர்வு அப்படியே நிலைத்துவிடும். தொட்ட காய் விடயத்தில் இன்னும் இறுக்கம்: பிள்ளை நகர்த்துவதற்காகத் தன் காயைத் தொட்டதுமே முறையிடும் உரிமை போய்விடும். ஆகவே முதலில் கை மேலே போக வேண்டும், பிறகுதான் காயில்.

முறைப்பாடு சரியென்றால் என்ன நடக்கும்? முதல் விதிமீறிய நகர்வுக்கு, அதைச் செய்தவரின் எதிராளிக்கு 2 நிமிடம் கூடக் கொடுப்பார்கள். அதே ஆள் இரண்டாம் தடவையும் செய்தால் ஆட்டம் போகும். இது உங்கள் பிள்ளைக்கும் பொருந்தும். நகர்த்தாமலே மணிக்கூட்டை அமத்துவதும், சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் வைத்துவிட்டு ராணியாக மாற்றாமல் அமத்துவதும் விதிமீறல்தான். ராணி கைக்கெட்டும் இடத்தில் இல்லையென்றால் கோட்டையைத் தலைகீழாக வைக்கும் வழக்கம் வீட்டில் இருக்கலாம், போட்டியில் அது வெறும் கோட்டைதான். மணிக்கூட்டை நிற்பாட்டி, கையை உயர்த்தி, ராணி கேட்க வேண்டும்.

சமநிலை கேட்கும் முறையும் சொல்லிக் கொடுங்கள். தன் நகர்வைச் செய்து, கேட்டு, பிறகு மணிக்கூட்டை அமத்த வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது தொந்தரவு, அதற்கும் நடுவரைக் கூப்பிடலாம். ஒரே நிலை மூன்றாம் தடவை வந்தால் சமநிலை கோரலாம், அதையும் நடுவரிடம்தான் கோர வேண்டும். எதிரியின் நேரம் முடிந்து கொடி விழுந்தால் அதைக் கவனிக்க வேண்டியதும் பிள்ளைதான். தோற்கும் நிலையில் இருந்த எத்தனையோ பிள்ளைகள், எதிரியின் மணிக்கூட்டில் பூச்சியம் வந்ததைக் காணாமல் மேலும் விளையாடி மேட் வாங்கியிருக்கிறார்கள்.

கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலும் இதே கைதான். ஏழு வயதுப் பிள்ளை கேட்கக் கூச்சப்பட்டு அந்தரப்பட்டுக்கொண்டே ராணியைக் கொடுப்பது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்.

பெற்றோர் நிற்க வேண்டிய இடம்

வெளியே. பார்வையாளருக்கு இடம் கொடுத்தாலும் தூரத்தில் நில்லுங்கள். பிள்ளை ஒவ்வொரு நகர்வுக்கும் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும், உங்கள் முகம் காட்டிக்கொடுக்கும். மற்றப் பெற்றோர் அதைச் சைகை என்று முறையிட்டால் நடுவர் உங்களை வெளியே அனுப்புவார், அதில் பிழையும் இல்லை. பலகையில் ஏதும் விதிமீறல் நடப்பதைக் கண்டாலும் பிள்ளையிடமோ எதிரியிடமோ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நடுவரிடம் மட்டும் சொல்லலாம்.

வெளியே வரும் பிள்ளையிடம் "வெண்டியா?" என்று முதலில் கேட்காமல் இருக்க முடியாது, தெரியும். குறைந்தது "எப்பிடிப் போச்சு?" என்று கேளுங்கள். தோற்ற ஆட்டத்தை இரண்டு சுற்றுக்கு நடுவில் பலகை வைத்து அலச வேண்டாம். தண்ணி கொடுத்து, கொஞ்சம் நடக்க விடுங்கள், அலசலை இரவுக்கு வையுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

கைகொடுத்து, முடிவை எழுதி, கையெழுத்துப் போட்டு, காய்களைப் பழையபடி அடுக்கிவிட்டு எழும்ப வேண்டும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அதுவரை சம்பியனாக இருந்த டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சம்பியனான குகேஷ், கண்ணீரோடு இருந்தபடியே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கினார். அந்த வீடியோவைப் பிள்ளைக்குக் காட்டுங்கள், நூறு தடவை சொல்வதைவிட நல்லது. அந்தக் கடைசி ஆட்டத்தில் டிங் தோற்றது ஒரே ஒரு கோட்டை நகர்வால் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சமநிலையை நோக்கிப் போன ஆட்டம் அது. உலகச் சம்பியனே ஒரு நகர்வில் பிழை விட்டிருக்கிறார், தரம் மூன்று பிள்ளை விட்டால் என்ன?

எழுதிய முடிவு சுவரில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அடுத்த சுற்று போட முன்னம் பாருங்கள். 1–0 இடம் மாறி 0–1 ஆகிப்போவது மனிதர் செய்யும் வேலைதானே. அடுத்த சுற்று தொடங்கிய பிறகு திருத்துவது கடினம்.

கடைசியில் இடங்கள் அறிவிக்கும்போது, "எங்கட பிள்ளைக்கும் நாலு, அந்தப் பிள்ளைக்கும் நாலு, அவருக்கு மட்டும் கிண்ணம் ஏன்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். புள்ளி சமமானால் புக்கோல்ஸ் போன்ற கணக்குகளைப் பார்ப்பார்கள். புக்கோல்ஸ் என்பது நீங்கள் சந்தித்த எதிரிகள் அந்தப் போட்டியில் எடுத்த புள்ளிகளின் கூட்டு. பலமானவர்களோடு விளையாடி நான்கு எடுத்தவர் மேலே வருவார். முதல் சுற்றில் பலமான ஆளிடம் தோற்றது இங்கே உதவிக்கு வரலாம்.

இரண்டு மூன்று போட்டி போன பிறகு ரேட்டிங் பற்றி யோசிக்கலாம். அதற்குத் தேசியச் செஸ் சம்மேளனத்தின் ஊடாக ஃபிடே அடையாள எண் எடுக்க வேண்டும். ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது விளையாடிய பிறகே பெயர் பட்டியலில் வரும், முதல் போட்டியில் அரைப் புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்தப் போட்டியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 2024 மார்ச் முதல் ஆகக் குறைந்த ரேட்டிங் 1400. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏற்ற இறக்கம் அதிகம்: நீண்ட ஆட்டங்களில் சம ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 இறங்கும். ஆகவே ஒவ்வொரு மாதமும் ரேட்டிங்கைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம்.

அடையாள எண் எடுக்கும்போது பெயரில் கவனம். எங்கள் பெயர்களில் அப்பாவின் பெயர் முன்னால் வரும், படிவத்தில் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒரு போட்டியில் ஒரு மாதிரியும் மறு போட்டியில் வேறு மாதிரியும் நிரப்பினால் ஒரே பிள்ளை இரண்டு ஆளாகப் பதியப்பட்டு, விளையாடிய ஆட்டங்கள் பிரிந்து கிடக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு துண்டில் எழுதிப் பையின் உள்பக்கம் வைத்துவிட்டு, எல்லாப் படிவத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள். பட்டியல் ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி வெளியாகும். முதல் தடவை பெயர் வரும்போது எண்ணைப் பார்க்க முன்னம் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள், பிழை இருந்தால் அந்த மாதமே சம்மேளனத்துக்கு எழுதித் திருத்தக் கேளுங்கள்.